ஸ்போர்ட்ஸ் காரும் சரியான என்ஜின் எண்ணெயும்

கார் வாங்கத் திட்டமிடும்போது நாம் விலையைப் பார்க்கிறோம். வட்டி விகிதத்தை ஒப்பிடுகிறோம். மாதத் தவணையைக் கணக்கிடுகிறோம். வாங்கிய பின் அந்தக் காரின் மதிப்பைக் காத்து நிற்பவற்றுள் முதன்மையானது என்ஜினுக்குள் ஓடும் சில லிட்டர் மசகு எண்ணெய். அதைப் பற்றி நாம் கேட்கும் ஒரே கேள்வி பெரும்பாலும் அதன் விலை மட்டுமே.

சாதாரணக் காரில் இந்த அலட்சியத்தின் விளைவு மெதுவாக வெளிப்படும். ஸ்போர்ட்ஸ் காரில் அவ்வாறு இல்லை. அதன் என்ஜின் அதிக வேகத்தில் சுழல்கிறது, அதிகமாகச் சூடாகிறது, மிக நுண்ணிய இடைவெளிகளோடு இயங்குகிறது. தவறான எண்ணெயாலோ எண்ணெய்க் குறைவினாலோ என்ஜின் இறுகிப்போனால் பழுதுச் செலவு பல இலட்சங்களைத் தொடக்கூடும். கார் நின்றுவிட்டாலும் கடன் தவணை நிற்பதில்லை. ஆகவே, சரியான எண்ணெய் எது, அதை எவ்வாறு கண்டறிவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எண்ணெய் செய்யும் பணிகள்

என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் தன் பேரிங்குகளின் மீது நேரடியாக உரசிச் சுழல்வதில்லை. இரண்டு உலோகங்களுக்கும் நடுவே தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உருவாகிறது. அதன் மீதே அது மிதந்து சுழல்கிறது. நிமிடத்திற்கு 8000 சுழற்சி என்றால் நொடிக்கு 133 சுழற்சிகள். அந்த வேகத்தில் படலம் ஒரு கணம் அறுந்தாலும் உலோகத்தோடு உலோகம் உரசி, பேரிங் சேதமடையத் தொடங்கும்.

டர்போ பொருத்திய என்ஜினில் எண்ணெயின் பொறுப்பு மேலும் கூடுகிறது. டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுழற்சிகளுக்கு மேல் சுழலக்கூடியது. எரிந்த வாயுவின் வெப்பத்துக்கு மிக அருகில் இயங்கும் அத்தண்டைத் தாங்குவதும் குளிர்விப்பதும் எண்ணெயே. இவை தவிர, பிஸ்டன்களின் வெப்பத்தை அகற்றுதல், கரியையும் நுண்துகள்களையும் ஃபில்ட்டருக்குக் கொண்டு சேர்த்தல், எரிதலில் உண்டாகும் அமிலங்களைச் சமன்செய்தல், வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்புகளை அழுத்தத்தால் இயக்குதல் ஆகியவையும் அதன் பணிகளாகும்.

இத்தனை பணிகளையும் ஒரே திரவம் செய்ய வேண்டியிருப்பதால்தான் ஒவ்வொரு என்ஜினுக்கும் உரிய எண்ணெயை அதன் தயாரிப்பாளர் சோதித்து வரையறுக்கிறார்.

டப்பாவின் மீதுள்ள எண்கள்

எண்ணெயை அதன் பாகுநிலையைக் கொண்டு வகைப்படுத்தும் முறையை எஸ்ஏஇ எனப்படும் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 1911-இல் தொடங்கியது. இன்று நாம் டப்பாவில் காணும் 0டபிள்யூ-40, 5டபிள்யூ-30 போன்ற குறியீடுகள் அம்முறையின் வளர்ச்சியே.

டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னுள்ள எண், கடுங்குளிரிலும் எண்ணெய் எவ்வளவு எளிதாக என்ஜினைச் சுழலவிடும் என்பதைக் காட்டுகிறது. 0டபிள்யூ எண்ணெய் மைனஸ் 35 டிகிரி செல்சியஸிலும், 5டபிள்யூ மைனஸ் 30 டிகிரியிலும், 10டபிள்யூ மைனஸ் 25 டிகிரியிலும் சோதிக்கப்படுகின்றன. இரண்டாவது எண், என்ஜின் சூடேறிய பின் 100 டிகிரியில் எண்ணெயின் பாகுநிலையைக் காட்டுகிறது. 20-ஐவிட 30 கெட்டியானது. 30-ஐவிட 40 கெட்டியானது. 60 என்ற தரம் 20-ஐவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கெட்டியானது.

எனவே, 0டபிள்யூ-40 என்பது எப்போதும் நீர்த்திருக்கும் எண்ணெய் என்று கருதுவது தவறு. சூடேறிய என்ஜினில் அதுவும் 15டபிள்யூ-40 எண்ணெயும் ஒரே வரம்புக்குள் அடங்கும் பாகுநிலை உடையவை. குளிர்ந்த நிலையில் மட்டும் முன்னது விரைவாக ஓடுகிறது.

நம் நாட்டின் வெயிலுக்குக் கெட்டியான எண்ணெய்தான் ஏற்றது என்ற கருத்தும் பரவலாக உள்ளது. நாக்பூரில் கோடைக்காலப் பிற்பகலில் வெளிவெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் என்பது உண்மை. ஆயினும், 40 டிகிரியில் உள்ள எண்ணெய், 100 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்து அல்லது ஆறு மடங்கு கெட்டியாக இருக்கும். அதாவது, நம் கோடையும் என்ஜினுக்குக் குளிர்ந்த தொடக்கமே. ஓடும் என்ஜினின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் குளிர்விப்பானும் கட்டுப்படுத்துகின்றன. வெயில் கடுமையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கையேடு கூறாத கெட்டியான எண்ணெயை ஊற்ற வேண்டியதில்லை. லடாக்கின் குளிர்காலத்தில் கார் ஓட்டுவோருக்கு முதல் எண் மிகவும் முக்கியமாகிறது.

மூன்று கார்கள், மூன்று எண்ணெய்கள்

ஸ்போர்ட்ஸ் கார் எண்ணெய் என்று தனியான வகை ஏதும் இல்லை. கடைக்காரர் அப்பெயரில் எதையேனும் எடுத்துக் கொடுத்தால் நாம் சற்று நிதானிக்க வேண்டும். பெயர்பெற்ற மூன்று கார்களை ஒப்பிட்டால் இது விளங்கும்.

2000-ஆம் ஆண்டில் அறிமுகமான பிஎம்டபிள்யூ எம்3 காரில், 3.2 லிட்டர் கொள்ளளவும் வரிசையாக அமைந்த ஆறு சிலிண்டர்களும் கொண்ட என்ஜின் இருந்தது. டர்போ இல்லாமலேயே நிமிடத்திற்கு ஏறக்குறைய 8000 சுழற்சி வரை செல்லக்கூடிய அந்த என்ஜினுக்கு 10டபிள்யூ-60 எண்ணெய் வரையறுக்கப்பட்டது. நீடித்த உயர்வேகத்தில் எண்ணெய் கடுமையாகச் சூடேறினாலும் படலம் அறாமல் இருப்பதற்கு அந்தக் கெட்டித்தன்மை தேவைப்பட்டது.

நிஸ்ஸான் ஜிடி-ஆர் 3.8 லிட்டர் கொள்ளளவும் இரட்டை டர்போவும் கொண்டது. 2016 டிசம்பரில் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்த இக்காருக்கு ஆலையில் நிரப்பப்பட்டது 0டபிள்யூ-40 செயற்கை எண்ணெய். குளிர்ந்த நிலையில் டர்போவுக்கு விரைந்து சென்று சேர்வதும், சூடேறிய பின் படலம் நிலைப்பதும் ஒருங்கே தேவைப்படும் இடம் அது.

மூன்றாவது, 2021-இல் அறிமுகமான டொயோட்டா ஜிஆர்86. இதன் 2.4 லிட்டர் என்ஜினில் சிலிண்டர்கள் கிடைமட்டமாக எதிரெதிரே அமைந்துள்ளன. இதற்கு வரையறுக்கப்பட்டது 0டபிள்யூ-20. மூன்றிலும் மிக இளகிய எண்ணெய் இதுவே. அந்த என்ஜினின் பேரிங் இடைவெளி, எண்ணெய் பம்பு, வால்வு அமைப்பு ஆகியவை அனைத்தும் இந்த எண்ணெயை மனத்தில் கொண்டே வடிவமைக்கப்பட்டவை.

இவற்றை மாற்றி ஊற்றினால் என்ன ஆகும்? ஜிஆர்86 காரில் 10டபிள்யூ-60 ஊற்றினால், குளிர்ந்த என்ஜினின் குறுகிய வழிகளில் அது தாமதமாகவே ஓடும். உராய்வும் எரிபொருள் செலவும் கூடும். வால்வு நேர அமைப்பு தடுமாறலாம். எம்3 காரில் 0டபிள்யூ-20 ஊற்றினால், உச்ச வேகத்தில் படலம் மெலிந்து பேரிங்குகள் தேயும். விலை உயர்ந்தது, கெட்டியானது, புதிய தலைமுறையைச் சேர்ந்தது என்ற எந்தக் காரணமும் பொருத்தத்துக்கு ஈடாகாது.

எண்ணுக்கு அப்பால் உள்ள தரச்சான்று

பாகுநிலை எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஒரே 5டபிள்யூ-40 எண் கொண்ட இரண்டு எண்ணெய்கள் முற்றிலும் வேறான வேதிச் சேர்க்கைகளைக் கொண்டிருக்கலாம். ஆகவே டப்பாவின் பின்புறத்தில் உள்ள சிறிய எழுத்துகளையும் படிக்க வேண்டும்.

அங்கே மூன்று வகைத் தரக்குறிகளைக் காணலாம். முதலாவது, அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ வழங்கும் தரம். 2020 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த எஸ்பி தரம், டர்போவும் நேரடி எரிபொருள் செலுத்தலும் கொண்ட என்ஜின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொண்டு பிஸ்டனைச் சேதப்படுத்துவதைத் தடுக்கும் சோதனைகளைக் கொண்டது. இரண்டாவது, ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஇஏ வகுத்த தரம். இதில் சி3 போன்ற சி வகை எண்ணெய்கள் சாம்பல் குறைவாக உண்டாக்குபவை. புகையைத் தூய்மைப்படுத்தும் வடிகட்டிகளும் வினையூக்கிகளும் அடைபடாமல் காப்பவை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பிஎஸ்6 விதி நடைமுறையில் இருப்பதால், இத்தகைய வடிகட்டி பொருத்திய கார்களில் இது முக்கியமாகிறது.

மூன்றாவது, கார் தயாரிப்பாளர் தாமே வழங்கும் அங்கீகாரம். போர்ஷே ஏ40, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-01, மெர்சிடிஸ் 229.5 என்பன போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. இங்கே சொற்களைக் கவனித்துப் படிக்க வேண்டும். "அங்கீகரிக்கப்பட்டது" என்றால் கார் நிறுவனம் அந்த எண்ணெயைச் சோதித்து ஏற்றுள்ளது என்று பொருள். "தேவைகளைப் பூர்த்தி செய்கிறது", "ஏற்றது" என்றெல்லாம் எழுதியிருந்தால் அது எண்ணெய் நிறுவனத்தின் கூற்று மட்டுமே. உத்தரவாதக் காலத்தில் உள்ள காருக்கு முதல் வகையைத் தேர்வதே பாதுகாப்பு.

தனியாக விற்கப்படும் சேர்ப்புப் பொருள்களை எண்ணெயில் கலப்பதையும் தவிர்க்கலாம். நல்ல எண்ணெயில் தேவையான சேர்மங்கள் உரிய அளவில் ஏற்கெனவே உள்ளன. மேலும் கலந்தால் அச்சமநிலை குலையக்கூடும். பல கையேடுகள் இதை வெளிப்படையாகவே எச்சரிக்கின்றன.

ஓடாத காரிலும் எண்ணெய் முதுமையடையும்

ஸ்போர்ட்ஸ் கார் பல வீடுகளில் வார இறுதியில் மட்டுமே வெளியே வருகிறது. ஆண்டுக்கு 2000 கிலோமீட்டர் கூட ஓடாத காருக்கு எண்ணெய் மாற்ற வேண்டுமா என்று உரிமையாளர்கள் கேட்பது இயல்பே. மாற்ற வேண்டும். கையேடுகள் கிலோமீட்டரையும் காலத்தையும் சேர்த்தே குறிப்பிட்டு, எது முன்னதாக வருகிறதோ அதைப் பின்பற்றச் சொல்கின்றன.

இதற்குக் காரணம் உண்டு. ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்தும் காரில் எண்ணெய் முழுமையாகச் சூடேறுவதில்லை. எரியாத பெட்ரோலும் எரிதலில் உண்டான நீரும் எண்ணெயில் தங்கிவிடுகின்றன. இப்போது நாம் நிரப்பும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மையுடையது. நீரும் அமிலமும் சேர்ந்த எண்ணெய், நின்றுகொண்டிருக்கும் என்ஜினையும் அரிக்கும். ஆகவே காரை இடத்திலேயே சில நிமிடம் இயக்கி அணைப்பதைவிட, எண்ணெய் நன்கு சூடேறும் வரை அரை மணி நேரம் ஓட்டி வருவது நல்லது.

சூடேறும் முன் என்ஜினை உச்ச வேகத்துக்குக் கொண்டுசெல்லவும் கூடாது. குளிர்விப்பு நீரைவிட எண்ணெய் மெதுவாகவே சூடேறும். நீரின் முள் நடுவுக்கு வந்துவிட்டதால் எண்ணெயும் தயாராகிவிட்டது என்று பொருளல்ல. மேலே குறிப்பிட்ட எம்3 காரில், எண்ணெய் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணையும் சிறு விளக்குகள் சுழற்சிமானியைச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. எவ்வளவு வேகம் வரை செல்லலாம் என்பதை அவை ஓட்டுநருக்கு உணர்த்தின.

அளவும் எச்சரிக்கை விளக்கும்

சரியான எண்ணெய் குறைவாக இருப்பதும் தீங்கே. வளைவில் வேகமாகத் திரும்பும்போது அடித்தொட்டியில் உள்ள எண்ணெய் ஒருபுறமாக ஒதுங்கும். அளவு குறைந்திருந்தால் பம்பு எண்ணெய்க்கு மாறாகக் காற்றை உறிஞ்சும். அந்த ஒரு நொடியே பேரிங்கைச் சேதப்படுத்தப் போதுமானது. இதைத் தவிர்க்கவே சில ஸ்போர்ட்ஸ் கார்களில் எண்ணெயைத் தனித் தொட்டியில் தேக்கி வைக்கிறார்கள். மாறாக, அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் கிராங்க் ஷாஃப்ட் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரை உலோகத்தைத் தாங்காது.

உயர்திறன் என்ஜின்கள் ஓரளவு எண்ணெயைச் செலவழிப்பது இயல்பு. ஆகவே மாதம் ஒருமுறையும் நீண்ட பயணத்துக்கு முன்பும் அளவைப் பார்த்தல் நலம். பார்க்கும் முறை காருக்குக் கார் வேறுபடும். சிலவற்றில் டிப் ஸ்டிக் இல்லை. திரையில்தான் அளவு தெரியும். சிலவற்றை என்ஜின் சூடாக இருக்கும்போதே பார்க்க வேண்டும். கையேட்டின் முறையையே பின்பற்ற வேண்டும்.

வழியில் அளவு குறைந்து உரிய எண்ணெய் கிடைக்காவிட்டால், நெருங்கிய தரமுடைய எண்ணெயைச் சிறிதளவு ஊற்றிக்கொண்டு பயணத்தைத் தொடரலாம். ஏபிஐ சான்று பெற்ற எண்ணெய்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. குறைந்த எண்ணெயோடு ஓட்டுவதே பெரிய ஆபத்து.

எச்சரிக்கை விளக்குகளில் மஞ்சள் நிறம் விரைவில் கவனிக்கச் சொல்கிறது. சிவப்பு நிற எண்ணெய் விளக்கு அழுத்தம் இல்லை என்பதைக் குறிக்கிறது. அது எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். அடுத்த சர்வீஸ் நிலையம் வரை ஓட்டிச் செல்லக் கூடாது.

பந்தயத் தடத்தில் ஓட்டுவோருக்கு

கிரேட்டர் நொய்டாவின் புத் பன்னாட்டுப் பந்தயத் தடம், கோயம்புத்தூரின் காரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற இடங்களில் தம் காரை ஓட்டிப் பார்க்கும் உரிமையாளர்களும் உள்ளனர். அங்கே எண்ணெயின் வெப்பம் சாலையில் காணாத அளவுக்கு உயரும். சில தயாரிப்பாளர்கள் இதற்கெனத் தனி வரையறை தருகின்றனர். ஏழாம் தலைமுறை செவர்லே கார்வெட்டின் கையேடு சாலைக்கு 5டபிள்யூ-30 எண்ணெயையும் தடத்துக்கு 15டபிள்யூ-50 எண்ணெயையும் குறிப்பிட்டது. 2019 முதல் இரண்டுக்கும் ஒரே 0டபிள்யூ-40 என்று மாற்றப்பட்டது. இதுபோன்ற அனுமதி கையேட்டில் இருந்தால் மட்டுமே எண்ணெயை மாற்ற வேண்டும். தடத்தில் ஓட்டியதால் நேரும் சேதத்தை உத்தரவாதமும் காப்பீடும் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

காப்பீடு, உத்தரவாதம், ஆவணங்கள்

வழக்கமான முழுமைக் காப்பீடு விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் போன்றவற்றால் நேரும் இழப்பை ஈடுசெய்கிறது. தேய்மானம், இயந்திரக் கோளாறு, தொடர்விளைவாக நேரும் இழப்பு ஆகியவை அதிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரின் அடித்தொட்டி வேகத்தடையில் மோதி உடைகிறது. எண்ணெய் ஒழுகுகிறது. சிவப்பு விளக்கு எரிந்தும் ஓட்டுநர் மேலும் சில கிலோமீட்டர் செல்ல, என்ஜின் இறுகிவிடுகிறது. உடைந்த தொட்டிக்கு இழப்பீடு கிடைக்கலாம். என்ஜினுக்கானது தொடர்விளைவு என்று மறுக்கப்படலாம். "என்ஜின் பாதுகாப்பு" என்னும் கூடுதல் காப்பீடு பொதுவாக நீர் புகுதலாலும் எண்ணெய் ஒழுகுதலாலும் நேரும் சேதத்துக்கு உதவும். அதிலும் விளக்கு எரிந்த பின் ஓட்டியது குறித்த விலக்குகள் இருக்கலாம். தவறான எண்ணெய் ஊற்றியதன் விளைவை அதில் எதிர்பார்க்க இயலாது. பாலிசி வாசகத்தை வாங்கும் முன்பே படித்தல் நன்று.

உத்தரவாதம் கோரும்போது தயாரிப்பாளர் முதலில் கேட்பது சர்வீஸ் ஆவணங்களையே. எண்ணெயின் பெயர், பாகுநிலை, தரச்சான்று, அளவு, நாள், ஓடிய கிலோமீட்டர் ஆகியவை பட்டியலில் தெளிவாக இருக்கட்டும். "என்ஜின் ஆயில்" என்று மட்டும் எழுதிய பட்டியல் நமக்குத் துணை நிற்காது. முத்திரை உடையாத டப்பாவை நம் கண் முன்னே திறக்கச் சொல்லலாம்; காலி டப்பாவைப் போலி எண்ணெய் நிரப்ப வழியில்லாதவாறு வெட்டிவிடச் சொல்லலாம். பழைய எண்ணெய் அபாயகரமான கழிவாகும்; அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல் உரிய முறையில் சேகரிக்கும் சர்வீஸ் நிலையத்திடமே விட வேண்டும்.

பயன்படுத்திய ஸ்போர்ட்ஸ் காருக்குக் கடன் பெற எண்ணும் வாடிக்கையாளர்களுக்கும் இந்த ஆவணங்களே வழிகாட்டி. ஓடிய தூரம் குறைவு என்பதை மட்டும் நம்பாமல், ஒவ்வோர் ஆண்டும் எண்ணெய் மாற்றப்பட்டதா, எந்த எண்ணெய் ஊற்றப்பட்டது என்பதைக் கேட்டறிந்த பின் விலை பேசலாம். ஆவணம் இல்லாத காருக்கு என்ஜின் சோதனையின் செலவையும் விலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த சர்வீஸுக்குச் செல்லும் முன் உரிமையாளர் கையேட்டில் எண்ணெய்க்கான பக்கத்தை எடுத்து, பாகுநிலை, தரச்சான்று, கொள்ளளவு, மாற்ற வேண்டிய காலம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்வோம். சர்வீஸ் ஆலோசகரிடம் அத்தாளைக் கொடுத்து, பட்டியலில் அவையே இடம்பெற்றுள்ளனவா என்று சரிபார்த்த பின் கையொப்பமிடுவோம். பத்து நிமிடம் கூட ஆகாத இப்பணி, பல ஆண்டுத் தவணை கட்டி நாம் உரிமையாக்கும் ஒரு பொருளைக் காக்கிறது.